ஆபீஸ் ரகசியத்த எந்த ஆப்ல அனுப்பறது? ஆடிட்டர் ஆபீஸ்கள்ல அடிக்கடி கேக்கற கேள்விகள்

கோயம்புத்தூர், திருப்பூர் பக்கம் சின்னச் சின்ன ஆடிட்டர் ஆபீஸ்களுக்கு கம்ப்யூட்டர், நெட்வொர்க், பேக்கப் எல்லாம் பாத்துக் குடுக்கறது என் வேலை. அஞ்சு பேர் ஆபீஸ்லருந்து நாப்பது பேர் ஆபீஸ் வரைக்கும் எங்க போனாலும் இதே கேள்விங்கதான் வருது, ஒவ்வொரு எடத்துலயும் வாயால சொல்றப்ப பாதி விட்டுப் போகுது, அதனால எல்லாத்தையும் ஒரே எடத்துல எழுதிட்டேன். பான், ஆதார், பேங்க் ஸ்டேட்மெண்ட், சம்பள லிஸ்ட், போர்ட்டல் லாகின் இதெல்லாம் போன்லயே ஓடற எந்த ஆபீஸுக்கும் இது பொருந்தும், வக்கீல் ஆபீஸ், லேப், எச்ஆர் யாரா இருந்தாலும்.

வாட்ஸ்அப்லயே என்க்ரிப்ஷன் இருக்கே, அப்புறம் என்ன பிரச்சனை?

இருக்கு, நல்லாவே இருக்கு. 2016 ஏப்ரல்லருந்து வாட்ஸ்அப்ல எல்லா மெசேஜும் எண்ட் டு எண்ட் என்க்ரிப்ஷன்லதான், அதாவது அனுப்பறவரும் வாங்கறவரும் மட்டும் தெறக்கற பூட்டோடதான் போகுது, அதுக்கு அவங்க எடுத்துக்கிட்டதே சிக்னல்ங்கற இன்னொரு மெசேஜ் ஆப் ஆளுங்க உருவாக்குன புரோட்டோகால்தான். நடுவுல ஒருத்தன் வயர்ல உக்காந்து படிக்கறதுங்கறது நடக்காத காரியம். ஆனா நான் பாத்த வரைக்கும் எந்த ஆபீஸ்லயும் விஷயம் நடுவழியில வெளிய போனதே இல்ல, எல்லாம் ரெண்டு முனையிலதான் போச்சு.

ஒரு ஆபீஸ்ல ஆர்ட்டிகிள் பையன், அதாவது ஆடிட்டர்கிட்ட பயிற்சியில இருக்கறவன் ஒருத்தன் ஹாட்ஸ்பாட் கனெக்ட் ஆகலண்ணான்னு போனக் குடுத்தான். செட்டிங்ஸ் பாத்துட்டு, கனெக்ட் ஆயிருச்சான்னு ஒரு படம் அனுப்பிப் பாக்கலாம்னு கேலரியத் தெறந்தேன். பண்ணாரி குண்டத்துக்குப் போன போட்டோ நாலு, அதுக்குக் கீழ ஒரு பார்ட்டியோட, அதாவது ஆபீஸோட கஸ்டமர் ஒருத்தரோட ஆதார் முன்பக்கம் பின்பக்கம், கேன்சல் பண்ண செக் லீஃப், அதுக்குக் கீழ அவங்க அக்கா கொழந்தை, மறுபடி யாரோட கிரயப் பத்திரமோ பதினாலு பக்கம் வரிசையா. அவன் திருட்டுத்தனமா எதையும் எடுத்து வெக்கல, க்ரூப்ல வந்த படம் தானா டவுன்லோட் ஆகி கேலரிக்குப் போகும், கேலரில இருக்கறது அவனோட சொந்த கூகுள் போட்டோஸ் அக்கவுண்டுக்குப் போகும், அவ்ளோதான். அன்னிக்கு சாயங்காலம் அந்தப் போன எக்ஸ்சேஞ்ச்ல குடுத்துட்டுப் புதுசு வாங்கப் போறதா இருந்தான். என்க்ரிப்ஷன் அதோட வேலைய ஒழுங்கா செஞ்சு முடிச்சுருச்சு, அதுக்கப்புறம்தான் எல்லாமே நடந்துருக்கு.

இதே மாதிரிதான் பேக்கப்பும். வாட்ஸ்அப் சாட் பேக்கப் கூகுள் டிரைவ்லயோ ஐக்ளவுட்லயோ உக்காந்துருக்கும், அதுக்குத் தனியா என்க்ரிப்ஷன் போடற வசதி 2021லதான் வந்துச்சு, அதையும் நாமளா உள்ள போய் ஆன் பண்ணணும். ஆன் பண்ணி வெச்ச ஆபீஸ நான் இன்னும் பாக்கல, நான் போய்த்தான் பண்ணி விடறேன். ரிசப்ஷன் கம்ப்யூட்டர்ல வாட்ஸ்அப் வெப் நாள் பூரா தெறந்து கெடக்கறதும் இதே கதைதான். ஒரு அக்கவுண்டுக்கு போன் போக நாலு டிவைஸ் வரைக்கும் சேத்துக்கலாம், யார் யார் எங்க எங்க சேத்து வெச்சுருக்காங்கன்னு கேட்டா ஆபீஸ்ல யாருக்கும் பதில் தெரியாது.

எல்லா ஆப்பும்தான் என்க்ரிப்டட்னு போட்டுக்கறாங்க, எப்படித் தெரிஞ்சுக்கறது?

ரெண்டு வகை இருக்கு, இத மட்டும் பிரிச்சுப் பாக்கத் தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்சுது. ஒண்ணு, உங்க போன்லருந்து கம்பெனி சர்வர் வரைக்கும் பூட்டி, சர்வர்ல தெறந்து, மறுபடி பூட்டி அந்தப் பக்கம் அனுப்பறது. கூரியர் ஆபீஸ்ல பையப் பிரிச்சு வேற பையில மாத்திப் போட்டு அனுப்பற மாதிரின்னு வெச்சுக்குங்க, வழியில யாரும் எடுக்க முடியாது, ஆனா கூரியர் ஆபீஸ்ல இருக்கறவர் நெனச்சா பாக்கலாம். இன்னொண்ணு எண்ட் டு எண்ட், உங்க போன்ல பூட்டுனது அவர் போன்லதான் தெறக்கும், நடுவுல சர்வர் வெச்சுருக்கற கம்பெனியே நெனச்சாலும் முடியாது. ஒரு ஆப்பப் பத்தி யாராவது பெருமையா சொன்னா திருப்பிக் கேளுங்க, எண்ட் டு எண்டா, தானா ஆன்ல இருக்கா இல்ல நான் ஆன் பண்ணணுமா, க்ரூப்புக்கும் உண்டா, பேக்கப்புக்கும் உண்டா. இந்த நாலுக்கும் நேரா பதில் வரலன்னா அந்த ஆப்ப விட்டுருங்க.

சுத்தி வளைக்காம சொல்லுங்க, எதப் போடறது?

பதினஞ்சு இருவது பேர் வரைக்கும் இருக்கற ஆபீஸ்னா, ஆளுங்களுக்குள்ள பேசிக்கறதுக்கு சிக்னல். அதுக்கு மேல ஆள் இருந்தா, இல்ல ஆளுங்க அடிக்கடி வந்து போற எடம்னா, கம்பெனி கையில கண்ட்ரோல் இருக்கற டூல், மைக்ரோசாஃப்ட் டீம்ஸோ ஸோஹோ கிளிக்கோ கூகுள் சாட்டோ ஏதோ ஒண்ணு. பார்ட்டிங்களோட பேச வாட்ஸ்அப் இருந்துட்டுப் போகட்டும், ஆனா கீழ சொல்லியிருக்கற செட்டிங்ஸோட. பாஸ்வேர்டு மட்டும் எந்த சாட்லயும் கூடாது, சிக்னலா இருந்தாலும் கூடாது.

சிக்னல் ஃப்ரீயா தர்றாங்களே, எப்படி நம்பறது?

நியாயமான கேள்வி, ஃப்ரீன்னா நம்ம விவரத்தத்தான் விக்கறாங்கன்னு சந்தேகம் வரணும். சிக்னல நடத்தறது லாப நோக்கம் இல்லாத ஒரு ஃபவுண்டேஷன். வாட்ஸ்அப்ப ஆரம்பிச்ச ரெண்டு பேர்ல ஒருத்தரான பிரையன் ஆக்டன் ஃபேஸ்புக்க விட்டு வெளிய வந்தப்புறம் 2018ல 5 கோடி டாலர் போட்டு சிக்னல உருவாக்குன மாக்ஸி மார்லின்ஸ்பைக் கூட சேந்து ஆரம்பிச்சது, மத்தபடி ஜனங்க குடுக்கற நன்கொடைலதான் ஓடுது. ஆப்போட கோடு மொத்தமும் வெளிய கெடக்கு, யாரு வேணா படிச்சுப் பாக்கலாம், உலகம் பூரா இருக்கற ஆராய்ச்சிக்காரங்க படிச்சும் பாக்கறாங்க.

எனக்கு நம்பிக்கை வந்தது வேற ஒரு விஷயத்துல. 2016ல அமெரிக்காவுல ஒரு வழக்குக்காக கவர்மெண்டு சிக்னல்கிட்ட ரெண்டு நம்பரோட விவரம் எல்லாத்தையும் குடுன்னு சம்மன் அனுப்புச்சு. சிக்னல்ல இருந்த நம்பர் ஒண்ணுதான், அதுக்கும் அவங்ககிட்ட குடுக்க இருந்தது ரெண்டே ரெண்டு, அக்கவுண்ட் எப்ப தொடங்குனாங்க, கடைசியா எப்ப கனெக்ட் ஆச்சு. யார்கூட பேசுனாங்க, எந்த க்ரூப்ல இருந்தாங்க, எதுவும் கெடையாது, ஏன்னா சேத்தே வெக்கல. வாட்ஸ்அப்ல மெசேஜுக்குள்ள என்ன இருக்குன்னு அதோட ஓனரான மெட்டாவுக்குத் (பழைய ஃபேஸ்புக் கம்பெனி) தெரியாது, ஆனா யார் யாரோட எப்பப்ப பேசறாங்கங்கற விவரம் தெரியற எடத்துலதான் அது உக்காந்துருக்கு. நம்ம தொழில்ல அதுவே பெரிய விஷயம்ங்க, ஒரு மில்லுக்காரர் திடீர்னு திவால் வழக்குப் பாக்கற ஒரு இன்சால்வன்சி ஆள்கிட்ட தினமும் பேச ஆரம்பிச்சாருன்னா என்ன பேசுனாங்கன்னு படிக்க வேண்டியதே இல்லையே.

ஆபீஸுக்கு ஒத்து வர்ற சின்னச் சின்ன விஷயங்களும் இருக்கு. வர்ற படம் தானா கேலரிக்குப் போகாது, நாமளா சேவ் பண்ணாத்தான் போகும், மேல சொன்ன பண்ணாரி போட்டோ கதை இங்க நடக்காது. 2024லருந்து யூசர்நேம் வெச்சுக்கலாம், அதனால பொண்ணுங்க தன்னோட சொந்த நம்பரப் பார்ட்டிக்குக் குடுக்க வேண்டியதில்ல. இத நான் சொன்னதும் பல ஆபீஸ்ல மொதல்ல ஒத்துக்கிட்டது பெண் ஸ்டாஃப்தான், ராத்திரி பத்து மணிக்கு பார்ட்டி குட்நைட் மெசேஜ் அனுப்பற தொல்லைய அவங்கதான அனுபவிக்கறாங்க.

கொறையும் சொல்லிடறேன். ஆபீஸ் அட்மின்னு ஒருத்தர் கண்ட்ரோல் பண்ற வசதி சிக்னல்ல கெடையாது, ஒவ்வொரு அக்கவுண்டும் அந்தந்த ஆளோடது. ஆள் போயிட்டா க்ரூப்லருந்துதான் எடுக்க முடியும், அவர் போன்ல ஏற்கனவே இருக்கறத அழிக்க முடியாது. அதனாலதான் பெரிய ஆபீஸுக்கு வேண்டாம்னு சொல்றேன்.

டெலிகிராம்? பெரிய ஃபைல் எல்லாம் போகுதே?

வேண்டாம். சாதாரண சாட் எதுவும் எண்ட் டு எண்ட் கெடையாது, சீக்ரெட் சாட்னு தனியா தெறந்தாத்தான், அதுவும் ரெண்டு பேருக்குள்ள மட்டும், க்ரூப்புக்கு அந்த வசதியே இல்ல. பெரிய ஃபைலுக்காகத்தான்னா டிரைவ்ல போட்டு அந்த ஒருத்தர் மெயில் ஐடிக்கு மட்டும் பர்மிஷன் குடுங்க, லிங்க் வெச்சுருக்கற யாரும் பாக்கலாம்னு வெக்காதீங்க.

நம்ம ஊர் அரட்டை போடலாமா?

எனக்கும் ஆசைதான், மனசாரச் சொல்றேன். சென்னையில ஹெட் ஆபீஸ், தென்காசியில ஆளுங்க உக்காந்து வேலை பாக்கற ஸோஹோ கம்பெனி செஞ்சது, பேரே தமிழ்ல இருக்கு. ஆனா இந்த எடத்துல பாசத்தக் கொஞ்சம் தள்ளி வெச்சுட்டு மேல சொன்ன நாலு கேள்வியக் கேக்கணும். 2025 செப்டம்பர், அக்டோபர்ல ஜனங்க கூட்டம் கூட்டமா போய்ச் சேந்தாங்களே, அந்தச் சமயத்துல கால் பேசறதுக்குத்தான் எண்ட் டு எண்ட் இருந்துச்சு, எழுதற மெசேஜுக்கு இல்ல. அதுக்கப்புறம் மெசேஜுக்கும் கொண்டு வர்ற வேலைல எறங்குனாங்க. அதனால நீங்க போடற அன்னிக்கு உங்க வெர்ஷன்ல ஒரு சாட்டத் தெறந்து பாருங்க, தனி சாட்டுக்கு இருக்கா, க்ரூப்புக்கு இருக்கா, பழைய வெர்ஷன் வெச்சுருக்கற பார்ட்டியோட பேசுனாலும் இருக்கா. மூணுக்கும் ஆமான்னா தாராளமா போடுங்க. ஒண்ணுக்கு இல்லன்னாலும் ஊர்க்கதை பேச வெச்சுக்கலாம், பேலன்ஸ் ஷீட் அனுப்ப வேண்டாம்.

எங்க ஆபீஸ்ல முப்பத்தஞ்சு பேர். டீம்ஸ், ஸ்லாக், கிளிக் எல்லாம் எண்ட் டு எண்ட் இல்லன்னு சொல்றாங்களே, அது சிக்னல விட மோசம்தான?

இங்கதான் பல பேர் கொழம்பறாங்க. ஆமா, ஸ்லாக், டீம்ஸ் இதுல எல்லாம் சாட் கூரியர் வகைதான், போற வழியிலயும் சர்வர்ல கெடக்கறப்பவும் பூட்டி இருக்கும், ஆனா சாவி கம்பெனிகிட்டயும் உண்டு, உங்க அட்மின் நெனச்சா சில பிளான்ல எக்ஸ்போர்ட்டும் எடுக்கலாம். கேக்க பயமா இருக்கும். ஆனா முப்பத்தஞ்சு பேர் இருக்கற ஆபீஸ்ல உங்களுக்கு வர்ற ஆபத்து எதுன்னு யோசிங்க. மைக்ரோசாஃப்ட் ஊழியர் ஒருத்தர் உங்க பார்ட்டியோட ஜிஎஸ்டிஆர் 3பி ரிட்டர்னப் படிக்கப் போறாரா, இல்ல ஜூலை மாசம் கோவிச்சுக்கிட்டு எதுத்த ஆபீஸ்ல போய்ச் சேர்ற சீனியர் அசிஸ்டெண்ட் நூத்தம்பது பார்ட்டி விவரத்தப் போன்லயே கொண்டு போகப் போறாரா? ரெண்டாவதுதான் நடக்கும், நடந்துருக்கு. அதுக்கு மருந்து, அக்கவுண்ட் ஆபீஸ் பேர்ல இருக்கணும், போற அன்னிக்கு ஒரு கிளிக்ல மூடற மாதிரி இருக்கணும், ஃபைல் ஆபீஸ் டிரைவ்ல இருக்கணும். அந்த வசதி சிக்னல்ல இல்ல, இதுல இருக்கு.

ரெண்டும் சேந்து வேணும்னா மேட்ரிக்ஸ்ங்கற ஓப்பன் புரோட்டோகால்ல ஓடற எலிமெண்ட் இருக்கு, சொந்த சர்வர்லயே வெச்சு எண்ட் டு எண்டும் போடலாம். பிரான்ஸ் கவர்மெண்டு ஊழியர்களோட ட்சாப், ஜெர்மன் ராணுவத்தோட மெசெஞ்சர் ரெண்டும் மேட்ரிக்ஸ் மேலதான் கட்டுனது. ஆனா சர்வர அப்டேட் பண்ண, பேக்கப் எடுக்க ஆள் வேணும். ஆள் இல்லாம சொந்த சர்வர் வெக்கறது இருக்கறதுலயே ஆபத்தான வழி, அதுக்கு வாட்ஸ்அப்பே தேவல. காசு குடுக்கலாம்னா சுவிட்சர்லாந்துல செய்யற த்ரீமா இருக்கு, போன் நம்பரே கேக்காது, சுவிஸ் ராணுவம் 2022ல தன்னோட ஆளுங்களுக்குச் சொன்னது அதத்தான். நம்ம பக்கம் பார்ட்டி யாரும் காசு குடுத்து ஆப் எறக்க மாட்டாங்க, அதனால ஆபீஸுக்குள்ள மட்டும்தான் ஓடும்.

ஜிஎஸ்டி லாகின், இன்கம்டாக்ஸ் பாஸ்வேர்டு எல்லாம் எப்படி அனுப்பறது, வாங்கறது?

இதுதான் இந்தப் பக்கத்துலயே எனக்கு ரொம்ப முக்கியமான கேள்வி. மொதல்ல பாஸ்வேர்டே வாங்காம வேலை நடக்குமான்னு பாருங்க. ஜிஎஸ்டி போர்ட்டல்ல பார்ட்டி தன்னோட லாகின்ல போய் ஒரு ஜிஎஸ்டி பிராக்டிஷனர எங்கேஜ் பண்ணிக்கலாம். இன்கம்டாக்ஸ் போர்ட்டல்ல ஆதரைஸ்டு பார்ட்னர்ஸ்ல போனா மை சார்ட்டர்ட் அக்கவுண்டண்ட்னு இருக்கும், அதுல ஆடிட்டரோட மெம்பர்ஷிப் நம்பரப் போட்டு சேத்துரலாம், அதுக்கப்புறம் அவர் தன்னோட சொந்த லாகின்லயே ஆடிட் ரிப்போர்ட் ஏத்தலாம். எல்லா வேலையும் இதுல முடியாது, ஆனா முடியற வேலைக்கே யாரும் இதப் பண்றதில்ல, பார்ட்டி பாஸ்வேர்ட வாட்ஸ்அப்ல அனுப்புவாரு, அது அஞ்சு வருஷமா அந்த சாட்லயே கெடக்கும், தேடல்ல பாஸ்வேர்டுன்னு அடிச்சா வரிசையா வந்து நிக்கும். நம்பலன்னா உங்க போன்ல இப்பவே அடிச்சுப் பாருங்க.

வாங்கித்தான் ஆகணும்னா பாஸ்வேர்டு மேனேஜர், அதாவது பாஸ்வேர்ட எல்லாம் பூட்டி வெக்கற ஆப். பிட்வார்டன் ஓப்பன் சோர்ஸ், சின்ன ஆபீஸ் செலவுக்கும் ஒத்து வரும். அதுல பார்ட்டி வாரியா போட்டு வெச்சு, எந்த ஸ்டாஃபுக்கு எந்தப் பார்ட்டின்னு பிரிச்சுக் குடுத்துரலாம். அதுலயே சென்ட்னு ஒரு வசதி இருக்கு, ஒரு லிங்க் உருவாக்கி, இத்தன நாள்ல அழியணும், இத்தன தடவதான் தெறக்கணும்னு வெச்சு அனுப்பலாம், அந்த லிங்க்குக்கு ஒரு பாஸ்வேர்டும் போட்டு அத மட்டும் போன்ல வாயால சொல்லிடலாம். ரெண்டு வழியா பிரிச்சு அனுப்பறதுதான் சூட்சுமம், லிங்க் ஒரு பக்கம், பாஸ்வேர்டு இன்னொரு பக்கம்.

ஓடிபி பத்தித் தனியா சொல்லணும். சார், ஒரு ஓடிபி வந்துருக்கும் பாருங்க, கொஞ்சம் சொல்லுங்கன்னு நாம மாசா மாசம் பார்ட்டிக்குப் போன் பண்றோம், 20ஆம் தேதி டியூ டேட் அன்னிக்கு ஒரு ஸ்டாஃப் இருவது பேருக்குப் பண்றாங்க. இதுல என்ன ஆகுதுன்னா, யாரு போன் பண்ணிக் கேட்டாலும் ஓடிபி சொல்லிடற பழக்கத்த நாமளே பார்ட்டிக்கு உண்டாக்கி வெச்சுடறோம். நாளைக்கு ஆடிட்டர் ஆபீஸ்லருந்து பேசறேன்னு வேற எவனாவது கேட்டாலும் சொல்லுவாரு. அதனால ஓடிபி எப்பவும் ஆபீஸோட ஒரே நம்பர்லருந்துதான் கேக்கணும், எந்த ஃபைலிங்குக்குன்னு மாசத்தோட சொல்லிக் கேக்கணும், மெசேஜ்ல டைப் பண்ணி அனுப்பாதீங்கன்னு ஒவ்வொரு தடவையும் சொல்லணும்.

பார்ட்டி தன்னோட டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கன, பென்டிரைவ் மாதிரி இருக்குமே அத, ஆடிட்டர் டிராயர்ல விட்டுட்டு, பின் நம்பர ஒரு பேப்பர்ல எழுதி அது மேலயே செல்லோடேப் போட்டு ஒட்டி வெச்சுருக்கறத எத்தனையோ எடத்துல பாத்துருக்கேன். 2000ஆம் வருஷ ஐடி சட்டத்தோட 42ஆம் பிரிவு அந்த டோக்கனுக்குள்ள இருக்கற கையெழுத்துச் சாவிய அதுக்குச் சொந்தக்காரர்தான் பத்தரமா தன் கட்டுப்பாட்டுல வெச்சுக்கணும்னு சொல்லுது. அது அவரோட கையெழுத்துங்க, வெத்துப் பேப்பர்ல கையெழுத்துப் போட்டுக் கட்டா குடுத்துட்டுப் போற மாதிரி அது.

பார்ட்டி வாட்ஸ்அப்ப விட்டு வரவே மாட்டேங்கறாரு. அறுபத்தஞ்சு வயசு, புது ஆப் எல்லாம் முடியாதுங்கறாரு.

விடுங்க, வம்பு பண்ண வேண்டாம். பெரியவர் கஷ்டப்பட்டு ஒண்ணக் கத்துக்கிட்டாரு, அதுலயே ஒழுங்கா செஞ்சுரலாம். ஆபீஸுக்குன்னு தனி சிம், தனி போன், அது ஆபீஸ் விட்டு வெளிய போகக் கூடாது, பார்ட்டிங்க எல்லாம் அந்த நம்பருக்குத்தான் அனுப்பணும். அந்தப் போன்ல செட்டிங்ஸ்ல சாட்ஸ்ல போய் மீடியா விசிபிலிட்டிய ஆஃப் பண்ணுங்க, அதோட கேலரிக்குப் போறது நிக்கும். அதே எடத்துல சாட் பேக்கப்புக்குள்ள எண்ட் டு எண்ட் என்க்ரிப்டட் பேக்கப்ப ஆன் பண்ணி, அதோட பாஸ்வேர்ட மறக்காம ஆடிட்டர் சார்கிட்ட குடுத்து வெச்சுருங்க, மறந்தா வாட்ஸ்அப்பே நெனச்சாலும் திருப்பி எடுக்க முடியாது. டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன்ல ஆறு இலக்க பின் போடுங்க, ஆபீஸ் லேண்ட்லைன் நம்பரோட கடைசி ஆறு இலக்கத்தப் போடாதீங்க தயவுசெஞ்சு. க்ரூப் இருந்தா 2025ல வந்த அட்வான்ஸ்டு சாட் ப்ரைவசிய ஆன் பண்ணுங்க, சாட்ட மொத்தமா எக்ஸ்போர்ட் பண்றதும் மீடியா தானா எறங்கறதும் நிக்கும். ஸ்க்ரீன்ஷாட்ட அது நிறுத்தாது, அத மனசுல வெச்சுக்குங்க.

ஆதார் கேக்கறப்ப மாஸ்க் பண்ண ஆதார்னு கேளுங்க, கடைசி நாலு நம்பர் மட்டும் தெரியும், பாதி எடத்துல அதுவே போதும்.

பிடிஎஃப்க்கு பாஸ்வேர்டு போட்டு அனுப்புனா போதுமா?

நல்ல பாஸ்வேர்டா இருந்து, அது வேற வழியா போனா போதும். ஆனா நம்ம பக்கம் ஓடற பிடிஎஃப் பாஸ்வேர்டு எல்லாம் ஊருக்கே தெரிஞ்சது. இ-ஆதாருக்கு பேரோட மொத நாலு எழுத்தும் பொறந்த வருஷமும், ஏஐஎஸ்க்கு (இன்கம்டாக்ஸ் போர்ட்டல்ல எறக்கற வருஷ வருமான விவரம்) பான் நம்பரும் பொறந்த தேதியும். பான் கார்டு போட்டோவ மேல அனுப்பிட்டு அதே சாட்ல கீழ ஏஐஎஸ் அனுப்புனா பூட்டையும் சாவியையும் ஒரே பையில போட்ட கணக்குதான், கார்டுலயே ரெண்டும் இருக்கே.

அமெரிக்காவுல மந்திரிங்க பேசுன சிக்னல் க்ரூப்பே வெளிய வந்துச்சே, அப்ப சிக்னலும் பத்திரம் இல்லதான?

2025 மார்ச்ல நடந்தது அது. ஏமன்ல ஹூத்தி ஆளுங்க மேல குண்டு போடறதப் பத்தி டிரம்ப் அரசாங்கத்துப் பெரிய ஆளுங்க ஒரு சிக்னல் க்ரூப்ல பேசிக்கிட்டாங்க, அதுல தேசியப் பாதுகாப்பு ஆலோசகரா இருந்த மைக் வால்ட்ஸ் தவறுதலா தி அட்லாண்டிக் பத்திரிகையோட ஆசிரியர் ஜெஃப்ரி கோல்ட்பர்க்கையும் சேத்துட்டாரு. அவர் எல்லாத்தையும் உக்காந்து படிச்சாரு. என்க்ரிப்ஷன் உடையவே இல்ல, க்ரூப்ல இருக்கற எல்லாருக்கும் மெசேஜ் பத்தரமா போய்ச் சேந்துச்சு, சேரக் கூடாத ஒருத்தரும் அந்த எல்லார்ல இருந்தாரு.

இதப் படிச்சப்ப எனக்கு எங்க பக்கத்துக் கதைதான் ஞாபகம் வந்துச்சு. திருப்பூர்ல ஒரு கம்பெனிக்கு ஒரே பேர்ல ரெண்டு க்ரூப், ஒண்ணுல ஓனரும் ஆடிட்டர் ஆபீஸும், இன்னொண்ணுல சூப்பர்வைசருங்க, காண்ட்ராக்டருங்கன்னு நாப்பது பேரு. ராத்திரி ஒம்போதரைக்கு களைச்சுப் போன ஒரு பொண்ணு டைரக்டருங்க சம்பளம் வரைக்கும் இருக்கற எக்செல்ல ரெண்டாவதுல போட்டுருச்சு. இருவது நிமிஷத்துல டிலீட் ஃபார் எவ்ரிஒன் போட்டாங்க, அதுக்குள்ள பல போன்ல எறங்கியாச்சு. மறுநாள் காலைல கம்பெனி கேட்ல ஆறு பேர் நின்னு என் சம்பளம் மட்டும் ஏன் இவ்ளோ கம்மின்னு கேட்டாங்க. அந்தப் பொண்ணு ஒரு வாரம் அழுதுச்சு. தப்பு அந்தப் பொண்ணு மேல இல்லங்க, ரெண்டு க்ரூப்புக்கு ஒரே பேர் வெச்சாங்க, ஒரே மாதிரி லோகோ வெச்சாங்க, அந்த மாதிரி ஃபைல க்ரூப்ல போடற பழக்கத்த ஏற்கனவே விட்டு வெச்சாங்க.

அதுலருந்து நான் போற எடம் எல்லாம் சொல்றது, க்ரூப் பேருக்கு முன்னாடி உள்னு இல்ல வெளின்னு எழுதுங்க, படம் வேற வேற கலர்ல வெய்யுங்க, க்ரூப் லிங்க்க ஆஃப் பண்ணுங்க, ஆள் சேக்கற உரிமை அட்மினுக்கு மட்டும் இருக்கட்டும், மாசம் ஒரு தடவ மெம்பர் லிஸ்ட்ட மேலருந்து கீழ படிச்சு இவர் யாருன்னு கேளுங்க. ரெண்டு நிமிஷ வேலை.

சிக்னல்ல மெசேஜ் தானா அழியற மாதிரி வெச்சா ரெக்கார்டு என்ன ஆகும்?

சாட்ட ரெக்கார்டா வெக்கறதுதான் தப்பு. ஆடிட் பேப்பர் ஏழு வருஷத்துக்குக் கொறையாம இருக்கணும்னு ஆடிட்டருங்களோட அமைப்பான ஐசிஏஐயோட தரக்கட்டுப்பாட்டு விதி இருக்கு, கம்பெனிங்களோட கணக்குப் புத்தகம் எட்டு வருஷம். இத சாட்ட நம்பி வெச்சா போன் தொலைஞ்ச அன்னிக்கே போச்சு. ஃபைல் வந்தா அன்னிக்கே பார்ட்டி ஃபோல்டர்ல ஏத்தணும், போன்ல சாட்ல எடுத்த முடிவு எதுவா இருந்தாலும் ஒரு மெயில் போட்டு, இன்னிக்கு நாம பேசுனபடின்னு எழுதி வெச்சுக்கணும். அதுக்கப்புறம் சிக்னல்ல நாலு வாரம்னு வெச்சுருங்க. ஒரு நாள்னு வெக்காதீங்க, சனி ஞாயிறு லீவு போயிட்டு வந்தா அதுக்கு முன்னாடி படிச்சது எதுவும் இருக்காது, ஆளுங்க கோவத்துல பழையபடி வாட்ஸ்அப்புக்கே போயிடுவாங்க. நோட்டீஸோ ஸ்க்ரூட்டினியோ வந்துருச்சுன்னா அந்தப் பார்ட்டி சம்பந்தமா எதையும் அழிக்கக் கூடாது, டைமர அன்னிக்கே ஆஃப் பண்ணிடுங்க.

அக்கவுண்டையே யாராவது பிடிச்சுக்க முடியுமா?

முடியும், ரெண்டு வழில அதிகமா நடக்குது. ஒண்ணு க்யூஆர் கோடு, ஏதோ க்ரூப்ல சேரறதுக்குன்னு சொல்லி ஸ்கேன் பண்ண வெப்பான், அது உண்மையில லிங்க்டு டிவைஸ் கோடு, அவன் கம்ப்யூட்டர் உங்க அக்கவுண்டோட சேந்துரும். ரஷ்யா பக்கத்து ஹேக்கருங்க உக்ரைன் ஆளுங்களோட சிக்னல இப்படித்தான் குறி வெச்சாங்கன்னு கூகுள் 2025 பிப்ரவரில சொல்லுச்சு. வாரம் ஒரு தடவ லிங்க்டு டிவைஸஸ் தெறந்து தெரியாதது இருந்தா லாக் அவுட் பண்ணுங்க. இன்னொண்ணு, கூரியர்லருந்து பேசறேன்னு சொல்லி *401* போட்டு ஒரு நம்பர டயல் பண்ணச் சொல்றது, பண்ணா உங்க கால் எல்லாம் அவனுக்குப் போகும், ஓடிபிய கால்லயே வாங்கிக்குவான். பின் போட்டு வெச்சுருந்தா அதோட நின்னு போவான், சிக்னல்ல அது ரெஜிஸ்ட்ரேஷன் லாக்னு இருக்கும், ஆன் பண்ணணும்.

சட்டம் இதுல என்ன சொல்லுது?

சார்ட்டர்ட் அக்கவுண்டண்ட்ஸ் சட்டம் 1949ல வந்தது, பார்ட்டி சம்மதம் இல்லாம அவர் விவரத்த வெளிய விட்டா அது தொழில் ஒழுங்கீனம்னு அதோட ரெண்டாவது அட்டவணையில இருக்கு, புதுசா எதுவும் இல்ல. புதுசு 2023ல வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், விவரத்தப் பாதுகாக்க நியாயமான ஏற்பாடு பண்ணலன்னா 250 கோடி ரூபா வரைக்கும் அபராதம் போக வழி இருக்கு. விதிகள் 2025 நவம்பர்ல வந்துச்சு, முக்கியமான கடமைகளுக்கு 18 மாசம் அவகாசம் குடுத்துருக்காங்க. அதோட சைபர் சம்பவம் நடந்தா தெரிஞ்ச 6 மணி நேரத்துக்குள்ள மத்திய அரசோட சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்க்குச் சொல்லணும்னு 2022 ஏப்ரல்லருந்தே உத்தரவு இருக்கு.

தப்பான ஆளுக்கு அனுப்பிட்டோம். இப்ப என்ன பண்றது?

மொதல்ல டிலீட் ஃபார் எவ்ரிஒன், வாட்ஸ்அப்ல ரெண்டு நாளுக்குக் கொஞ்சம் மேல வரைக்கும் முடியும், ஆனா அதோட முடிஞ்சுதுன்னு நெனக்காதீங்க. உடனே ஆடிட்டர் சார்கிட்ட சொல்லுங்க. மறைச்சு வெச்சு மூணு நாள் கழிச்சு பார்ட்டி வாயால தெரிய வர்றதுதான் ஆபீஸ் பேரக் கெடுக்கும். சாருங்களுக்கும் ஒண்ணு சொல்றேன், சொன்ன ஆளத் திட்டாதீங்க, ஒரு தடவ திட்டுனா அடுத்த தடவ யாரும் சொல்ல மாட்டாங்க. வாங்குனவருக்குப் போன் போட்டு அழிக்கச் சொல்லுங்க, பார்ட்டிக்கு நீங்களே மொதல்ல சொல்லுங்க, பாஸ்வேர்டா இருந்தா பேசிக்கிட்டு இருக்கறப்பவே மாத்துங்க.

ஆபீஸ் லேண்ட்லைன் நம்பர்ல சிக்னல் ரெஜிஸ்டர் பண்ணலாமா?

பண்ணலாம். நம்பரப் போட்டதும் எஸ்எம்எஸ் வராது, கொஞ்ச நேரம் காத்துருந்தா கால் மீன்னு ஒரு பட்டன் வரும், அத அமுக்குனா லேண்ட்லைனுக்கு கால் வந்து கோடு நம்பர வாசிக்கும், பக்கத்துல பேனாவோட ஒருத்தர நிறுத்தி வெச்சுக்குங்க, வேகமா சொல்லும். பண்ணி முடிச்ச கையோட பின்னும் ரெஜிஸ்ட்ரேஷன் லாக்கும் போட்டுருங்க, இல்லன்னா ரிசப்ஷன்ல போன எடுக்கற யாரு வேணா அந்த அக்கவுண்ட மறுபடி ரெஜிஸ்டர் பண்ணிக்கலாம்.